கால் போன ரோபோ இரண்டே நிமிடத்தில் எப்படி நடந்தது?

ஆறு கால், காலுக்கு மூன்று மோட்டார், ஆக மொத்தம் 18. கரப்பான்பூச்சியும் எறும்பும் நடக்கிற மாதிரி மூன்று மூன்று காலாக மாற்றி ஊன்றி நடக்கும் ரோபோ அது. இடப்பக்கத்து முன்காலும் பின்காலும், வலப்பக்கத்து நடுக்காலும் தரையில் இருக்கும்போது மற்ற மூன்றும் காற்றில் இருக்கும். அடுத்த நொடி இவை மேலே, அவை கீழே. எந்த நேரமும் மூன்று கால் தரையில் நிற்பதால் சாயாது. பாரிஸ் ஆய்வகம் ஒன்றில் இதன் ஒரு காலைக் கழற்றிவிட்டார்கள். பழைய நடை உடனே கெட்டுப்போனது. அப்புறம், யாரும் புரோகிராமைத் தொடாமலேயே, இரண்டு நிமிடத்துக்குள் அது வேறொரு நடையைக் கண்டுபிடித்துப் போய்க்கொண்டே இருந்தது.

அந்துவான் கல்லி, ஜெஃப் க்ளூன், டானேஷ் தாராப்பூர், ஜான் பத்தீஸ்த் மூரே ஆகிய நால்வரின் இந்த வேலை 2015 மே மாத நேச்சர் இதழின் அட்டையில் வந்தது. ஒரு காலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தார்கள். இரண்டு கால்களைக் கழற்றியும் பார்த்தார்கள். ஐந்து விதமான சேதங்களிலிருந்தும் ரோபோ மீண்டது. இத்தனைக்கும் எந்தக் கால் போனது, கால் போனதா இல்லையா என்பதே அதற்குத் தெரியாது. சேதத்தைக் கண்டறியும் சென்சார் எதுவும் அதில் இல்லை. தன் மேல் இருக்கும் கேமராவை வைத்து, ஐந்து வினாடியில் எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்று மட்டும் அளந்துகொள்ளும். அவ்வளவுதான்.

நம் உள்ளங்காலின் முன்பக்கம் முள் தைத்தால் உடனே குதிகாலை ஊன்றி நடக்கிறோம். அதிகம் போனால் இரண்டு மூன்று விதமாகக் காலை வைத்துப் பார்ப்போம். ஆயிரம் விதமாக வைத்துப் பார்ப்பதில்லை. ரோபோவால் ஏன் அப்படி முடிவதில்லை என்பதற்குக் காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது.

இந்த ரோபோவின் ஒவ்வொரு காலிலும் இரண்டு மூட்டுகளின் அசைவை எண்களால் குறிக்கிறார்கள். மூட்டு எவ்வளவு தூரம் ஆட வேண்டும், எப்போது தொடங்க வேண்டும், சுற்றில் எவ்வளவு நேரம் ஒரு பக்கமாக நிற்க வேண்டும் என்று மூட்டுக்கு மூன்று எண்கள். மூன்றாவது மூட்டு, காலின் கீழ்ப்பகுதி செங்குத்தாக இருக்கும்படி இரண்டாவதற்கு எதிராக ஆடும். அதற்குத் தனி எண் வேண்டாம். ஆறு கால், இரண்டு மூட்டு, மூன்று எண்: 36. இந்த 36 எண்களை எழுதிக் கொடுத்தால் அது ஒரு நடை. ஒவ்வொரு எண்ணுக்கும் பத்தே பத்து வாய்ப்பு என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றுக்குப் பின்னால் 36 சுழியம் போட்ட அளவுக்கு நடைகள் இருக்கின்றன. பிரபஞ்சம் தோன்றியதிலிருந்து இன்றுவரை ஓடிய வினாடிகளை எழுதினால் 18 இலக்கம்தான் வரும். ஒவ்வொன்றாகச் சோதிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

எல்லாவற்றையும் சோதிக்காமல் நல்லதைப் பிடிக்கும் வித்தைக்குத்தான் உகப்பாக்கம், ஆப்டிமைசேஷன் என்றெல்லாம் பெயர். இதில் எனக்குப் பிடித்த ஆரம்பகாலச் சோதனைக்குக் கம்ப்யூட்டரே தேவைப்படவில்லை. 1964இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இங்கோ ரெக்கன்பெர்க் என்ற மாணவர், ஆறு பட்டைகளைக் கீல் வைத்து இணைத்த ஒரு தகட்டைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தினார். ஐந்து கீல்கள், ஒவ்வொன்றையும் 51 நிலைகளில் வைக்கலாம். மொத்தம் 34,50,25,251 வடிவங்கள். காற்று எதிர்ப்பு மிகக் குறைவான வடிவம் எது என்பது கேள்வி. விடை தட்டையான தகடு என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விடையைத் தன் முறையால் எட்ட முடிகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

தகட்டைக் கோணல்மாணலாக மடித்துவைத்துத் தொடங்கினார். ஆணிகள் அடித்த பலகையில் குண்டுகளை உருட்டிவிட்டு, அவை விழுந்த இடத்தைப் பார்த்து, ஐந்து கீல்களையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றினார். சின்ன மாற்றம் அடிக்கடி வரும், பெரிய மாற்றம் எப்போதாவது வரும். எதிர்ப்பு குறைந்தால் புதிய வடிவத்தை வைத்துக்கொள்வது, கூடினால் பழையதற்கே திரும்புவது. இதைவிட எளிய விதி இருக்க முடியாது. சில நூறு முறை திருப்பியதில் தகடு ஏறக்குறைய தட்டையாகிவிட்டது. ஏறத்தாழ 35 கோடி வடிவங்களில் சில நூறு!

கீல்களை ஒன்றொன்றாகத் திருத்தாமல் ஏன் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும்? ஒரு கீலை மட்டும் நிமிர்த்தினால் மடிப்பின் மற்ற பகுதி காற்றில் இன்னும் மோசமாகத் துருத்திக்கொண்டு நிற்கலாம். இரண்டு கீல்களைச் சேர்த்து நிமிர்த்தினால்தான் நன்மை தெரியும். நடையும் இப்படித்தான். ஒரு காலின் நேரத்தை மட்டும் மாற்றினால் ரோபோ இடறும்; மூன்று காலின் நேரத்தைச் சேர்த்து மாற்றினால் வேகம் கூடும்.

இதற்கு அப்புறம் வந்தவை ஏராளம். ஒரே விடையைத் திருத்துவதற்குப் பதிலாக நூறு விடைகளை வைத்துக்கொண்டு, நல்லவற்றைக் கலந்து அடுத்த தலைமுறையை உருவாக்கும் மரபணு அல்காரிதங்கள். எறும்புகள் போகும் வழியில் விட்டுச்செல்லும் வாசனைத் தடத்தைப் பார்த்து 1990களின் தொடக்கத்தில் மார்க்கோ டொரிகோ உருவாக்கிய எறும்புக் கூட்ட முறை. பறவைக் கூட்டத்தைப் பார்த்து 1995இல் கென்னடியும் எபர்ஹார்ட்டும் தந்த துகள் கூட்ட முறை. இவை மூன்றும் உண்மையாகவே புதியவை. பிற்பாடு வௌவால், மின்மினி, ஓநாய், திமிங்கிலம் என்று மிருகக்காட்சிசாலையே வந்துவிட்டது. இதில் பலவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இசைக்குழுவைப் பார்த்துச் செய்ததாகச் சொல்லப்பட்ட ஒரு முறை, ரெக்கன்பெர்க்கின் தகட்டுச் சோதனை வழிவந்த, பரிணாம உத்தி என்று பெயர் பெற்ற பழைய முறையின் ஒரு தனிவகைதான் என்று 2010இல் டென்னிஸ் வேலண்ட் என்ற ஆராய்ச்சியாளர் எழுதிக் காட்டினார். பெயரையும் படத்தையும் எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் கணக்கைப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

எந்த முறையானாலும் மதிப்பெண்ணைத்தான் அது துரத்தும். நாம் மனதில் நினைத்ததை அல்ல. 1994இல் கார்ல் சிம்ஸ் கணினிக்குள் உருவாக்கிய உயிரினங்களை வேகமாக நகரச் சொன்னபோது, சில நெட்டையாக வளர்ந்து அப்படியே முன்னால் விழுந்தன. விழுவதும் நகர்வுதானே! 2017இல் ஒரு ரோபோ கையிடம் சிவப்புக் கட்டையை நீலக் கட்டை மேல் வைக்கப் பழக்கினார்கள். சிவப்புக் கட்டையின் அடிப்பக்கம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு மதிப்பெண். கை கட்டையைத் தூக்கவே இல்லை. தலைகீழாகக் கவிழ்த்துவிட்டது. அடிப்பக்கம் மேலே வந்துவிட்டது, மதிப்பெண்ணும் வந்துவிட்டது.

சரி, ஆறு கால் ரோபோவுக்கு வருவோம். உண்மையான ரோபோவில் சில நூறு சோதனை என்பதே அதிகம். மோட்டார் சூடாகும், பேட்டரி தீரும், ஒவ்வொரு தடவையும் ஒருவர் அதைத் தூக்கித் தொடங்கிய இடத்தில் வைக்க வேண்டும். அதனால் கணினி சிமுலேஷனில் தேடுகிறார்கள். சிமுலேஷனில் கோடிக்கணக்கில் நடக்கவிடலாம், யாருக்கும் கைவலி இல்லை. ஆனால் தரையின் வழுக்கலும் பல்சக்கரத்தின் தளர்வும் அங்கே அப்படியே இருக்காது. சிமுலேஷனில் முதலிடம் பிடித்த நடை நிஜத் தரையில் சொதப்புவது இந்தத் துறையில் வழக்கமான கதை. கால் உடைந்தால் நிலைமை இன்னும் மோசம். சிமுலேஷனில் இருப்பது முழு உடம்போடு இருக்கும் ரோபோ.

இங்கேதான் அந்த நால்வர் ஒரு காரியம் செய்தார்கள். மிகச் சிறந்த ஒரு நடையைத் தேடுவதை விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கால் எவ்வளவு நேரம் தரையைத் தொடுகிறது என்று பார்த்து நடைகளைப் பிரித்தார்கள்: நேரத்தில் 0, 25, 50, 75, 100 சதவீதம் என்று ஐந்து படிகள். ஆறு கால்களுக்கும் ஐந்தைந்து படிகள் என்றால் 15,625 அறைகள். ஒவ்வொரு அறையிலும் அந்த வகை நடைகளில் வேகமானது ஒன்றுக்கு மட்டும் இடம்.

தேடல் இப்படிப் போகும். ஏதோ ஒரு அறையில் இருக்கும் நடையை எடு, அதன் 36 எண்களில் சிலவற்றை மாற்று, சிமுலேஷனில் ஐந்து வினாடி நடக்கவிடு. அது எந்த அறைக்கு உரியது என்று பார். அறை காலியாக இருந்தால் உள்ளே போட்டுக்கொள். ஏற்கெனவே ஒன்று இருந்து, புதியது அதைவிட வேகம் என்றால் பழையதைத் தூக்கிப் போடு. அடுத்தது. இப்படி 4 கோடி முறை, ஏறத்தாழ இரண்டு வாரம். முடிவில் சுமார் 13,000 அறைகள் நிரம்பியிருந்தன.

போட்டி அறைக்குள் மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது காலைத் தரையிலேயே வைக்காமல் தத்தித் தத்திப் போகும் ஒரு நடை, பொதுப் போட்டியில் முதல் நாளே வெளியேறியிருக்கும். இங்கே அது தன் வகையில் வேகமானது என்பதற்காக இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. முழு உடம்போடு இருக்கும் ரோபோவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மூன்றாவது கால் போன நாளில்தான் அதன் அருமை தெரியும். உடைந்த காலை யாரும் சிமுலேஷனில் வைத்துப் பார்க்கவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு கால்களும் 0 சதவீதம் என்று ஒரு அறை உண்டு. எந்தக் காலின் பாதமும் தரையைத் தொடாமல் நடப்பது! அது காலியாகத்தான் இருக்கும் என்று ஆராய்ச்சியாளர்களே நினைத்திருந்தார்கள். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு நடை இருந்தது. ரோபோ மல்லாந்து விழுந்து, கால்களின் முட்டியை ஊன்றி நகர்ந்துகொண்டிருந்தது. சிம்ஸின் நெட்டை உயிரினங்களும் கட்டையைக் கவிழ்த்த கையும் செய்த அதே குறும்புதான். ஆனால் இங்கே அது வேலையைக் கெடுக்கவில்லை, 13,000 அறைகளில் ஒன்றாக அதன் பாட்டுக்கு இருந்தது.

இனி கால் உடைந்தபின் நடப்பது. ரோபோவிடம் 13,000 நடைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் சிமுலேஷன் சொன்ன வேகம் இருக்கிறது. அதை உண்மை என்று நம்பாது, ஊகம் என்று வைத்துக்கொள்ளும். ஊகத்தில் முதலிடத்தில் இருப்பது வினாடிக்கு 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடந்து பார்க்கிறது, 5 சென்டிமீட்டர்கூடத் தேறவில்லை. அந்த ஒரு நடையை மட்டும் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பக்கத்து அறைகளில் இருக்கும் அதே மாதிரியான நடைகளிலேயே நாள் போய்விடும். எனவே அந்த ஏமாற்றத்தை அக்கம்பக்கத்துக்கும் பரப்புகிறது. ஒட்டிய அறைகளின் ஊகம் நிறையக் குறையும், தள்ளி இருப்பவற்றின் ஊகம் கொஞ்சம் குறையும், வெகுதூரத்தில் இருப்பவை அப்படியே நிற்கும். அடுத்த முயற்சி தானாகவே வேறொரு பகுதிக்குத் தாவும். ஊகத்தோடு, அந்தப் பகுதியைப் பற்றி இன்னும் எவ்வளவு தெரியாமல் இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் அடுத்த நடையைத் தேர்ந்தெடுக்கும். பேயீசிய ஆப்டிமைசேஷன் என்பது இதுதான்.

எப்போது நிறுத்துவது? இதுவரை நிஜத்தில் நடந்து பார்த்ததில் சிறந்தது, இன்னும் சோதிக்காதவற்றில் இருக்கும் மிக உயர்ந்த ஊகத்தின் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் போதும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஊகங்கள் இறங்கிக்கொண்டே வருவதால் சீக்கிரமே அந்தக் கோடு வந்துவிடும். கணக்கு இரண்டு நிமிடத்தில் முடிவது இப்படித்தான். இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் இரண்டு வார உழைப்பு இருக்கிறது என்பது வேறு விஷயம். அந்த இரண்டு வாரம் ரோபோ உடைவதற்கு முன்பே, ஆய்வகத்து மேசையில் செலவழிக்கப்பட்டுவிட்டது.

குறைகள் இல்லாமல் இல்லை. கால் தரையைத் தொடும் நேரத்தை வைத்து அறை பிரிக்கலாம் என்று முடிவுசெய்தது மனிதர்கள். அதற்குப் பதிலாக உடலின் சாய்வை வைத்துப் பிரித்தாலும் முறை வேலைசெய்தது. ஆனாலும் எதையாவது ஒன்றை யாராவது தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். அப்புறம், ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ரோபோ பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இடிபாடுகளுக்குள் மாட்டிய ரோபோவை யார் தூக்கி வைப்பது? மூரேயின் குழு 2018இல் இதற்கு ஒரு வழி கண்டது. அதில் ரோபோ திரும்பி வராமல், போகும் வழியிலேயே சோதித்துக்கொண்டு, சுற்றியுள்ள தடைகளையும் கணக்கில் வைத்து முன்னேறும்.

இதற்குள் துறை வேறு பக்கமும் ஓடிவிட்டது. 2021இல் சூரிக்கின் இடிஎச் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 4,096 நாலுகால் ரோபோக்களை ஒரே கிராஃபிக்ஸ் கார்டின் சிமுலேஷனில் ஒன்றாகப் பழக்கி, சமதளத்தில் நடக்க நான்கு நிமிடத்துக்குள், மேடுபள்ளத்தில் நடக்க இருபது நிமிடத்தில் கற்றுக்கொடுத்தார்கள். இங்கே ஆயிரக்கணக்கான நடைகள் கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே நரம்பு வலையமைப்பு (நியூரல் நெட்வொர்க்), அதாவது பழகப் பழகத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஒரு புரோகிராம். பழகும்போதே தரையின் வழுக்கல் போன்றவற்றை ஆளுக்கு ஒருவிதமாக மாற்றிவிடுவதால் நிஜத் தரை அதற்கு இன்னொரு வகையாகத்தான் படுகிறது. தள்ளிவிட்டாலும் சமாளிக்கும்.

இன்று விற்பனைக்கு வரும் நாலுகால் ரோபோக்களுக்கு இந்த இரண்டாவது வழிதான் ஒத்துவரும் என்று நினைக்கிறேன். எது எதெல்லாம் மாறும் என்று பட்டியல் போட முடிந்தால் எல்லாவற்றையும் பயிற்சியிலேயே கலந்துவிடலாம். தொழிற்சாலைத் தளத்துக்கும் கிடங்குக்கும் அந்தப் பட்டியலைப் போட முடியும். ஆள் போக முடியாத இடத்துக்கு அனுப்பும் ரோபோவுக்கு முடியாது. அங்கே எந்தக் கால், எந்த மூட்டு, எப்படிப் போகும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? அதற்கு என்னைக் கேட்டால், கூடவே 13,000 நடைகளையும் ஏற்றி அனுப்பச் சொல்வேன். நடைக்கு 36 எண் என்றால் மொத்தம் ஐந்து லட்சம் எண்கூட ஆகாது; கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கு ஆகும் இடம்கூட அதற்குத் தேவைப்படாது.