தமிழ்நாட்டுல ஏழை 2 சதவீதம்தான், அப்புறம் ஏன் நாலுல ஒரு பிள்ளை வளரல?

மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் ஒரு மீனவ வீட்ல போயி மாச வருமானம் எவ்வளவுன்னு கேட்டா, எந்த மாசம்னு திருப்பிக் கேப்பாங்க. மீன்பாடு நல்லா இருந்தா ஒரு வாரம் கையில காசு புரளும், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் வந்துட்டா விசைப்படகு கரையிலயே கிடக்கும், வட்டிக்கு வாங்கித்தான் அடுப்பெரியும். அதனாலதான் நம்ம நாட்டுல வறுமையக் கணக்கெடுக்க வருமானத்த விட்டுட்டு வீட்டுச் செலவக் கேக்குறாங்க, மொத்தச் செலவ தலைக்கு இவ்வளவுன்னு வகுத்து, ஒரு கோட்டுக்கு மேலயா கீழயான்னு பாக்குறது.

வகுக்கிற எடத்துலதான் பிள்ளை காணாமப் போகுது. மாசம் 15,000 ரூபா செலவு பண்ற வீட்ல 5 பேர்னா ஆளுக்கு 3,000 ஆனா அதுல பாதி அப்பத்தா மருந்துக்கே போயிருக்கலாம், ரெண்டு வயசுப் பிள்ளைக்கு முட்டை கிடைச்சுச்சா பால் கிடைச்சுச்சான்னு அந்த 3,000 சொல்லாது.

இத மாத்தணும்னு 2003ல பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளருங்க யுனிசெஃப்புக்காக வேற மாதிரி கணக்கு போட்டாங்க. சாப்பாடு, தண்ணி, கக்கூஸ், வைத்தியம், வீடு, படிப்பு, தகவல்னு ஒவ்வொண்ணா எடுத்து இந்தப் பிள்ளைக்கு இது இருக்கா இல்லையான்னு பாத்தாங்க. வளரும் நாடுகள்ல பாதிக்கும் மேலான பிள்ளைங்களுக்கு இதுல ஒண்ணாவது கடுமையா இல்லன்னு தெரிய வந்துச்சு.

கேள்விய எப்படிக் கேக்குறோம்ங்கிறது ரொம்ப முக்கியம். தண்ணிக்கு பொதுவா வைக்கிற எல்லை 30 நிமிஷம், போயி எடுத்துட்டுத் திரும்பி வர்ற வரைக்கும். நம்ம கடற்கரையில பல எடத்துல நிலத்தடித் தண்ணி உப்பு, காவிரித் தண்ணி வராத நாள்ல தள்ளுவண்டியில குடத்த அடுக்கிக்கிட்டுப் போகணும், மணல்ல தோண்டுன ஊத்துன்னா தண்ணி ஊற ஊற செரட்டையால மொண்டு மொண்டு ஊத்தி ஒரு குடம் நெறையிற வரைக்கும் குனிஞ்சே இருக்கணும். சர்வேக்கு வந்தவங்க நடக்குற நேரத்த மட்டும் எழுதிட்டு காத்துக் கிடந்த நேரத்த விட்டுட்டா, அந்த வீடு தண்ணி வசதியுள்ள வீடுன்னு பதிவாயிடும்.

உயரம் அளக்குறதும் அப்படித்தான். 2 வயசுக்குள்ளன்னா படுக்க வச்சு அளக்கணும், அதுக்கு மேலன்னா நிக்க வச்சு, மாத்திச் செஞ்சா சுமாரா 0.7 செ.மீ. வித்தியாசம் வந்துடும். 3 வயசுப் பொண்ணுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற நடு அளவு 95.1 செ.மீ., 87.4க்குக் கீழ இருந்தா வளர்ச்சி குன்றுனது. எடை தடைக்காலத்துல இறங்கி மீன்பாட்டுல ஏறலாம், உயரம் அப்படி ஆடாது, பிள்ளை வயித்துல இருந்த காலத்துல இருந்து பட்ட குறை அத்தனையும் அதுல இருக்கும்.

சரி, இதையெல்லாம் எப்படிச் சேக்குறது? சபீனா அல்கைர், ஜேம்ஸ் ஃபாஸ்டர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க உருவாக்குன முறையத்தான் இப்ப உலகம் பூரா எடுத்துக்கிட்டிருக்காங்க. ஒரு தெருவுல 10 பிள்ளைங்க, 6 விஷயம் பாக்குறோம், ரெண்டு இல்லன்னா ஏழைன்னு வச்சுக்குவோம். 4 பிள்ளைங்களுக்கு ஆளுக்கு 3 இல்லன்னா ஏழை 40 சதவீதம், அவங்க படுற குறை சராசரியா 50 சதவீதம், ரெண்டையும் பெருக்குனா 0.20, இதுதான் வறுமைக் குறியீடு. அதுல ரெண்டு பேருக்கு மட்டும் குழாய்த் தண்ணி வந்துடுச்சுன்னா ஏழை அதே 40 சதவீதம்தான், ஆனா குறியீடு 0.17ன்னு இறங்கும். வெறும் தலைய எண்ணுனா அந்தக் குழாய் கணக்குலயே வராது.

மத்திய அரசோட கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் இதே முறையில 12 விஷயத்த வச்சு 2023ல ஒரு அறிக்கை விட்டுச்சு. இந்தியாவுல பல பரிமாண ஏழைங்க 24.85ல இருந்து 14.96 சதவீதத்துக்கு இறங்கிட்டாங்க, தமிழ்நாட்டுல 4.76ல இருந்து 2.20. நெசமாவே பெரிய விஷயம். ஆனா அதுக்குப் பயன்படுத்துன அதே 2019-21 குடும்பநல சர்வேயில, தமிழ்நாட்டுல 5 வயசுக்குட்பட்ட பிள்ளைங்கள்ல 25 சதவீதம் வளர்ச்சி குன்றுனவங்க! ரெண்டும் எப்படி உண்மையா இருக்கும்னா, சத்துக்குறைக்கு அந்தக் குறியீட்டுல ஆறுல ஒரு பங்குதான், ஏழைன்னு சொல்ல மூணுல ஒரு பங்கு குறை சேரணும். வீட்ல கரண்டு, கேஸ், பேங்க் அக்கவுண்டு எல்லாம் இருந்து பிள்ளை மட்டும் வளரலன்னா அந்த வீடு ஏழை இல்ல.

இன்னொன்னு எனக்கு ரொம்ப நாளா உறுத்துது. அந்த சர்வேயில 5 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்களயும் 15 வயசுல இருந்து நடுவயசு வரைக்கும் உள்ளவங்களயும்தான் உயரம், எடை அளக்குறாங்க, எட்டு வயசு, பத்து வயசுப் பிள்ளைக்குத் தராசே கிடையாது. அந்தக் குறியீட்டுல ஸ்கூலுக்குப் போறாங்களான்னு பாக்குறதும் எட்டாவது முடிக்கிற வயசு வரைக்கும்தான். அதனால 16 வயசுல படிப்ப விட்டுட்டு வள்ளத்துல ஏறுன பையனோட படிப்பு போனது எந்தக் கட்டத்துலயும் வராது. செலவுக் கணக்குல வருவான், எப்படின்னா அவன் கொண்டு வர்ற பங்குக் காசுல வீட்டுச் செலவு கூடும், குடும்பம் கோட்டுக்கு மேல ஏறிடும், அவன் ஸ்கூல விட்டது அங்க வறுமை குறைஞ்சதாத்தான் பதிவாகும்.