செயலின்மையை யாரும் கற்றுக்கொள்வதில்லை

திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணியிலிருந்து பிரியும் பாளையங்கால்வாயின் கடைமடையில் கார் சாகுபடி செய்யும் விவசாயிக்குத் தண்ணீர் வந்துசேர்வது பாபநாசம் அணையின் நீர்மட்டத்தையும் மேல்மடைக்காரர்களின் மனத்தையும் பொறுத்தது. சில பருவங்கள் அடுத்தடுத்துப் பொய்த்துவிட்டால், தண்ணீர் வரும் ஆண்டிலும் அவர் நாற்று பாவாமல் இருந்துவிடக்கூடும். ஊரார் அதைச் சோம்பல் என்பார்கள். அது அவசரத் தீர்ப்பு; ஏன் என்பதை ஒரு பழைய சோதனையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

1967இல் உளவியல் ஆய்வாளர்களான மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய்களை வைத்து, இன்று கொடுமை என்றே சொல்லத்தக்க ஒரு சோதனையை நடத்தினர். ஒரு பிரிவு நாய்களால், தலையைக் கொண்டு பலகையை அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்த முடிந்தது. மற்றொரு பிரிவுக்கு அதே அளவு அதிர்ச்சி தரப்பட்டும் அதை நிறுத்த வழியில்லை. பின்னர், தாழ்வான தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்ற பெட்டிக்குள் விட்டபோது, முதற்பிரிவு தாண்டிச் சென்றது; இரண்டாம் பிரிவில் பெரும்பாலானவை முயலவே இல்லை. எதைச் செய்தாலும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டதாக அப்போது விளக்கம் தரப்பட்டது.

அந்த விளக்கத்தை 2016இல் அவ்விருவருமே தலைகீழாக்கினர். துன்பம் நீளும்போது மூளைத்தண்டில் உள்ள ஒரு நரம்பணுத் திரள் செரோடோனின் என்ற வேதிப்பொருளை மிகுதியாகச் சுரந்து உடலை முடக்குகிறது. இதற்குக் கற்றல் எதுவும் தேவையில்லை. நம் செயலால் துன்பம் குறைகிறது என்பதுதான் கற்கப்படுகிறது. அதைக் கண்டறியும், நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி அந்தத் திரளை அடக்குகிறது. எலிகளில் அப்பகுதியை மருந்தால் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தபோது, அதிர்ச்சியை நிறுத்த வழி பெற்றிருந்த எலிகளும் வழியற்றவற்றைப் போலவே முடங்கின. அதைவிட வியப்பூட்டுவது, ஒருமுறை கிடைத்த கட்டுப்பாட்டு அனுபவம் பின்னர் வரும் கட்டுப்படுத்த முடியாத துன்பத்திலும் காப்பாக நிற்பதுதான்.

முடங்கிய நாய்களைத் தடுப்பை அகற்றியும் தின்பண்டம் காட்டியும் அசைக்க முடியவில்லை. கயிற்றைக் கட்டி மறுபுறத்துக்குப் பலமுறை இழுத்துச் சென்ற பிறகே அவை தாமாகத் தாண்டின. ஊக்க உரைகளின் மீது எனக்கு நம்பிக்கை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மனச்சோர்வுக்கான சிகிச்சை முறைகளுள் ஒன்றும், மனம் தெளியட்டும் என்று காத்திராமல், சிறு செயலை முதலில் செய்யவைக்கிறது. விலங்குகளில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது என்றாலும், கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு கால் பங்கு நிலத்திலாவது பயிரேற்றிப் பார்க்கும் விவசாயிக்கு, தன் செயலுக்கு விளைவு உண்டு என்ற சான்று கண்முன்னே கிடைக்கிறது.

ஆனால் அணை வறண்ட ஆண்டில் எந்த முயற்சியும் தண்ணீரைக் கொண்டுவராது. அப்போது குறையை விவசாயியின் மனத்தில் தேடுவது அநியாயம். முறைப்பாசன நாட்களை முன்கூட்டியே அறிவித்து, அந்த நாட்களில் கடைமடை வரை தண்ணீரை உண்மையாகவே விட்டால், வாய்க்காலைத் தூர் வாரியதற்கும் வயலில் நீர் பாய்வதற்கும் உள்ள தொடர்பை அவர் மூளை தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.