ஆஸ்பத்திரிகள் எதில் போட்டி போடுகின்றன?

வட சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் சிகிச்சை இலவசம். அவற்றைச் சுற்றி வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டையில் இருக்கும் சின்ன நர்சிங் ஹோம்கள் கட்டணத்தில் அவற்றோடு போட்டி போடவே முடியாது. காத்திருக்க வேண்டாம், தனி ரூம் உண்டு, கூட ஆள் தங்கலாம் என்பதைச் சொல்லித்தான் நோயாளியை அழைக்க முடியும். மளிகைக் கடையில் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிறோம். ஆபரேஷன் தியேட்டரை அப்படிப் பார்க்க வழியில்லை. ஆகவே பணம் வரவேற்பறைக்கும் புது ஸ்கேன் மெஷினுக்கும் போகிறது. சிக்கனம் கண்ணில் படாத இடத்தில் நடக்கிறது.

ஆபரேஷன் கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவையே பாருங்கள். சாதாரண ஆட்டோகிளேவில், துணியில் சுற்றிய ஆபரேஷன் செட்டுக்கு 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வேண்டும். பிறகு உலர 15 முதல் 30 நிமிடம். சூடேறும் நேரம், ஆறும் நேரம் தனி. இரண்டே செட்டை வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஐந்து கேஸ் எடுத்தால், முதலில் கைவைப்பது உலர்த்தும் நேரத்தில்தான். செட்டுகளை வைக்கும் டிரம்மைத் திணித்து அடைத்தால் நடுவில் ஆவி ஏறாது. ஈரமாக வெளியே வரும் பொட்டலத்தில் அந்த ஈரத்தின் வழியாகவே கிருமி உள்ளே போகும். பொட்டலத்தில் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு என்னவோ விழுந்திருக்கும்! அது சூடு பட்டதைக் காட்டுமே தவிர, கிருமி செத்ததைக் காட்டாது. அதற்கு ஸ்போர் டெஸ்ட் வேண்டும்; எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று பார்க்கும் சோதனை அது. சில நாளில் தையலில் சீழ் வைத்தால், "சுகர் இருக்கு, அதான்" என்று பேச்சு முடிந்துவிடும். அந்தக் குடும்பத்துக்கு உண்மைக் காரணம் தெரியவே வராது.

பிரசவத்திலும் இதே நெருக்கடிதான். சுகப்பிரசவத்துக்குப் பல மணி நேரம் ஆள் கூடவே நிற்க வேண்டும். சிசேரியன் ஒரு மணி நேரத்தில் முடியும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியாரில் 63.8 சதவீதப் பிரசவம் சிசேரியன், அரசில் 36. சிக்கலான கேஸ்கள் பலவும் அரசு மருத்துவமனைக்கே அனுப்பப்படுகின்றன என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கேஸ் அனுப்புபவருக்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002 மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி டாக்டர்களுக்குத் தொழில் ஒழுக்க மீறல். கொடுத்த கமிஷன் உங்கள் பில்லில்தான் திரும்ப வரும். ஐட்டம் வாரியாகப் பில் கேட்பது உங்கள் உரிமை.

சேர்க்கும் முன் ஒருமுறை இரவு பத்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு நர்ஸ் என்பது கணக்கு, ஐ.சி.யூ.வில் எத்தனை பேர் டியூட்டியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். டியூட்டி டாக்டர் கட்டிடத்திலேயே இருக்கிறாரா, போன் போட்டால்தான் வருவாரா? கடைசி ஸ்போர் டெஸ்ட் எந்தத் தேதியில் நடந்தது? முறையாக நடத்துகிறவர்களிடம் அதற்கு ஒரு ரிஜிஸ்டர் இருக்கும், தயங்காமல் எடுத்துக் காட்டுவார்கள்.