பனி ஏரியில் பெரிய பைக் மீன் மேலே வரும்போது உங்கள் கை எங்கே இருக்க வேண்டும்?

பெங்களூரில் கை அறுவை சிகிச்சை மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம், அல்சூர், இந்திரா நகர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர்கள் அவ்வப்போது மடங்காத விரலோடு வருகிறார்கள். வேலை நிமித்தமாகப் பின்லாந்திலோ கனடாவிலோ அமெரிக்காவின் மினசோட்டாவிலோ குளிர்காலத்தைக் கழித்தவர்கள் அவர்கள்; அங்குள்ள நண்பர்களுடன் உறைந்த ஏரிக்குச் சென்று, பனிக்கட்டியில் துளையிட்டு, பைக் (pike) எனப்படும் பெரிய நன்னீர் வேட்டை மீனைப் பிடித்தபோது காயப்பட்டவர்கள். அடுத்த குளிர்காலத்துக்குப் புறப்படுவோருக்காகவே இதை எழுதுகிறேன்.

மீன் கடித்துவிடும் என்றுதான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதுதான். ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய இம்மீனின் கீழ்த்தாடையில் ஊசி போன்ற பெரிய பற்களும், மேலண்ணத்தில் தொண்டையை நோக்கிச் சாய்ந்த பல்வரிசைகளும் உள்ளன. ஆயினும் நான் அதிகம் கவலைப்படுவது தூண்டில் முள்ளைப் பற்றியே. செத்த மீனை இரையாக மாட்டி, மீன் இழுத்ததும் சிறு கொடி எழும்பும் கருவியில் இறக்கும்போது, பெரும்பாலும் இரண்டு மும்முனை முட்களைப் பொருத்துகிறார்கள். ஒன்று மீனின் வாயில் தைத்திருக்கும். மற்றொன்று வெளியே தொங்கும். மீன் ஒருமுறை உதறினால் அந்த இரண்டாவது முள் பிடித்தவரின் விரலில் ஏறிவிடும். அதன் பிறகு விரலும் மீனும் ஒரே கம்பியில் பிணைந்திருக்க, பல கிலோ எடையுள்ள மீனின் ஒவ்வொரு துடிப்பும் முள்ளை இன்னும் ஆழமாக இறக்கும்.

ஆகவே அவசரம் கூடாது. மீன் ஓடும்போது நூலை விரல்களுக்கு இடையே வழுக்கிச் செல்ல விடுங்கள். எக்காரணத்தைக் கொண்டும் உள்ளங்கையிலோ விரலிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். இறுகிய பின்னல் நூல் தோலைக் கடந்து தசைநாண் வரை அறுக்கவல்லது. இழுத்த நூல் பனிக்கட்டியின் மேல் காலடியில் சுருண்டு கிடக்காமல் ஒரு பக்கமாக விழட்டும். துளை எட்டு அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் பெரிய மீனின் தலை விளிம்பில் முட்டும். பத்து அங்குலம் இருந்தால் வேலை எளிது. மீனின் பக்கவாட்டு உடல் துளைக்கு நேராக வந்தால் இழுக்காமல் நூலைக் கொடுத்துவிட்டு, மூக்கு மேல்நோக்கித் திரும்பும் வரை காத்திருங்கள்.

தலை துளைக்குள் நுழைந்த பிறகான அரை நிமிடத்தில்தான் கைகள் கெடுகின்றன. உற்சாகத்தில் கை தானாகவே நீருக்குள் போகும். அதற்கு முன், இரண்டாவது முள் எங்கே தொங்குகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பின்னர், முள் இல்லாத பக்கத்துச் செவுள் மூடியின் அடியில், அதன் உட்புறத்தை ஒட்டியே விரல்களை நுழைத்து, தாடையெலும்பு கூடும் இடம் வரை நகர்த்தி, அங்கே பற்றித் தூக்க வேண்டும். சிவந்த செவுள் வளைவுகளைத் தொடவே கூடாது. அவை விரலைக் கிழிக்கும், மீனையும் கொல்லும். முள்ளை நீண்ட மூக்குக் குறட்டால் மட்டுமே கழற்றுங்கள். மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால் இவை அனைத்தும் விரைவாக முடிய வேண்டும், ஏனெனில் கடுங்குளிரில் அதன் கண்களும் செவுள்களும் உறையத் தொடங்கிவிடும்.

முள் விரலில் ஏறிவிட்டால், முதலில் கம்பி வெட்டும் குறட்டால் மீனிடமிருந்து விரலைப் பிரியுங்கள். மூட்டிலோ, உள்ளங்கைப் பக்கத்திலோ, கண்ணருகிலோ தைத்த முள்ளை அங்கேயே பிடுங்க முயலாமல், அசையாதவாறு கட்டுப்போட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மரத்துப்போன விரலுக்கு வலி தெரியாது. அதனால் காயம் சிறியது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். விரல் முழுவதும் ஒரே சீராக வீங்கி, சற்று மடங்கிய நிலையிலேயே நின்று, நிமிர்த்தினால் உயிர்போகும் வலி எடுத்தால், தசைநாண் உறைக்குள் சீழ் பிடிக்கிறது என்று பொருள். அது அன்றைக்கே கவனிக்க வேண்டிய நிலை.

புறப்படும் முன் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்தாண்டுகள் ஆகிவிட்டனவா என்று பாருங்கள். காயம் அழுக்கானதாக இருந்தால், ஐந்தாண்டுகள் கடந்திருந்தாலே மறுதவணை தேவைப்படும்.

ஊர் திரும்பிய பிறகு, ஆறிப்போன இடத்தில் ஊதா கலந்த சிவப்பு வீக்கமோ, வாரங்கள் கழித்துச் சிறு கட்டியோ தோன்றினால், மருத்துவரிடம் மீன் பிடித்த கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். பழைய விஷயம்தானே என்று பலர் சொல்லாமல் விடுகிறார்கள். மீனாலும் நீராலும் அரிதாகத் தொற்றும் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி சுமார் 30 டிகிரி வெப்பத்தில்தான் நன்றாக வளரும். வழக்கமான 37 டிகிரியில் மட்டும் வைத்துச் சோதித்தால் ஆய்வகத்தின் கண்ணில் படாமலே போகலாம். சந்தேகத்தை முன்கூட்டியே எழுதி அனுப்பினால்தான் அவர்கள் குறைந்த வெப்பத்தில் வைத்துத் தேடுவார்கள்.