கீரிக்கும் பன்றிக்கும் என்ன உறவு?

"என் மகள் டிமோன், பும்பா கார்ட்டூன் தொடரை விடாமல் பார்க்கிறாள். மீர்கேட்டும் காட்டுப்பன்றியும் நிஜத்தில் சேர்ந்து திரியுமா, எல்லாம் கற்பனைதானா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குழந்தைகள் கேட்கும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்த வகை இது. சிரிப்புக்காகச் சேர்த்து வைத்த ஜோடிதான். ஆனால் தோண்டிப் பார்த்தால் அதற்கு அடியில் நல்ல உயிரியல் கிடக்கிறது.

1994-இல் வந்த 'தி லயன் கிங்' படத்தின் துணைப் பாத்திரங்கள் இந்த இருவரும். அடுத்த ஆண்டே டிஸ்னி இவர்களுக்குத் தனித் தொடர் தொடங்கியது. டிமோன் ஒரு மீர்கேட். நிஜத்தில் ஒரு கிலோகூடத் தேறாது. பும்பா வார்ட்ஹாக் என்ற ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி; வளர்ந்த ஆண் நூறு கிலோவைத் தாண்டும். தொடரில் இருவரும் புழுவும் வண்டும் தின்று வாழ்கிறார்கள். மீர்கேட்டுக்கு அது சரி, தேளைக்கூட விடாது. வார்ட்ஹாக்கோ முக்கியமாகப் புல் தின்னும் விலங்கு. முன்னங்கால்களை மடக்கி மண்டியிட்டு மேயும். மண்ணைக் கிளறிக் கிழங்கும் எடுக்கும்.

மீர்கேட் கீரிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இந்த நட்பின் நிஜ வடிவத்தைப் பார்க்க மீர்கேட் வாழும் கலஹாரிப் பாலைவனத்துக்குப் போக வேண்டியதில்லை. உகாண்டாவின் குயின் எலிசபெத் தேசியப் பூங்காவுக்குப் போனால் போதும். அங்கே மீர்கேட்டின் உறவினரான பட்டைக்கீரிகள் கூட்டம் கூட்டமாக அலைகின்றன. வார்ட்ஹாக் ஒன்று அந்தக் கூட்டத்தை நோக்கி நடந்து வந்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். கீரிகள் அதன் வயிற்றின் மேலும் காதுகளைச் சுற்றியும் ஏறி, தோலில் ஒட்டியிருக்கும் உண்ணிகளைப் பற்களால் பிடுங்கித் தின்னும். பன்றி அசையாமல் கிடக்கும். 2016-இல் வைல்ட்லைஃப் கன்சர்வேஷன் சொசைட்டியின் ஆண்டி பிளம்ப்டர் இதைப் படங்களோடு வெளியிட்டார்.

கணக்கு எளிது. குட்டைக் கழுத்தும் குளம்புக் கால்களும் கொண்ட பன்றியால் தன் வயிற்றை எட்டிக் கடிக்க முடியாது. சேற்றில் புரளலாம், மரத்தில் உரசலாம், அவ்வளவுதான். உண்ணியோ நாட்கணக்கில் ஒரே இடத்தில் கடித்தபடி இரத்தத்தால் ஊதிப்போய் இருக்கும். கீரிக்கு அது ஓடாத, ஒளியாத உணவு. ஆனாலும் இது சாதாரண விஷயம் இல்லை. சிங்கமும் சிறுத்தையும் உலவும் இடத்தில் ஒரு பன்றி தானாகவே படுப்பதும், தன்னைவிடப் பல மடங்கு எடையுள்ள விலங்கின் மேல் கீரி ஏறுவதும் பழகிப் பழகி வந்த துணிச்சல்.

இப்படிப்பட்ட ஏற்பாடுகள் எல்லாமே நேர்மையாக நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாடுகளின் மேல் உட்காரும் ஆக்ஸ்பெக்கர் என்ற ஆப்பிரிக்கப் பறவை உண்ணி பொறுக்கும் நல்ல பறவை என்றே நெடுநாள் பெயர் வாங்கியிருந்தது. ஜிம்பாப்வேயில் பால் வீக்ஸ் என்பவர் மாடுகளை வைத்துச் செய்த ஆய்வு 2000-இல் வெளியானது. அந்தப் பறவைகளை விலக்கி வைத்தபோதும் மாடுகளின் உண்ணி எண்ணிக்கை சொல்லும்படி மாறவில்லை. புண்களைக் கொத்தி ஆறவிடாமல் இரத்தம் குடித்துக்கொண்டிருந்தன அவை.

சரி, நட்பு நிஜம். இப்போது நான் உண்மையில் எழுத விரும்பிய இடத்துக்கு வருகிறேன். கீரியும் பன்றியும் பரிணாம மரத்தில் வெகு தூரம் விலகிய கிளைகள். ஒன்று ஊனுண்ணி வரிசை, மற்றது குளம்பு விலங்குகளின் வரிசை. மரபணுக் கணக்குப்படி டைனோசர்கள் நடமாடிய காலத்திலேயே பிரிந்துவிட்டவை. ஆனாலும் இரண்டின் தசைகளுக்குள்ளும் ஒரே எதிரிக்கு எதிரான ஏற்பாடு இருக்கிறது. எதிரி, நாகப்பாம்பு.

நாம் விரலை அசைக்கும்போது நடப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். நரம்பின் நுனி அசிட்டைல்கோலின் என்ற சிறு மூலக்கூறை வெளியிடுகிறது. அது சிறிய இடைவெளியைக் கடந்து தசையின் மேலிருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் போய் உட்காருகிறது. பூட்டில் சாவி நுழைந்ததுபோல ஏற்பி திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, தசை சுருங்குகிறது. நாகத்தின் விஷத்தில் இருக்கும் ஆல்ஃபா நரம்பு நச்சுகள் இந்தப் பூட்டுக்கு வந்த போலிச் சாவிகள். துளையில் கச்சிதமாக உட்காரும், ஆனால் திறக்காது. எளிதில் வெளியேயும் வராது. அசலான சாவி வந்தாலும் இடமில்லை. ஒவ்வொரு தசையாகச் செயலிழந்து, மூச்சை இழுக்கும் உதரவிதானமும் நின்றுவிடுகிறது. நாகம் கடித்தவருக்கு முதலில் இமைகள் தொங்குவதும், பிறகு மூச்சுத் திணறுவதும் இதனால்தான்.

தப்பிக்க வழி என்ன? பூட்டின் வடிவத்தை மாற்ற வேண்டும். இங்கேதான் சிக்கல் அழகாகிறது. மாற்றம் சற்று அதிகமாகிவிட்டால் அசிட்டைல்கோலினும் நுழைய முடியாது; விலங்கு விஷம் இல்லாமலே முடங்கிவிடும். நச்சை மட்டும் தடுத்து, அசலை அனுமதிக்கும் மாற்றம் வேண்டும். ஒரு வாய்ப்பு இருக்கிறது. அசிட்டைல்கோலின் மிகச் சிறியது, குழியின் ஆழத்தில் போய் உட்கார்ந்துவிடும். நச்சு அதைவிடப் பல மடங்கு பெரிய புரதம். மூன்று விரல்களை நீட்டியதுபோன்ற அமைப்பு அதற்கு. ஆகவே குழியின் வாயோரத்தையும் அது தொட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஓரத்தில், புரதத்தைக் கட்டும் செங்கற்களான அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்றை மாற்றினால், சிறியது தடையில்லாமல் போகும். பெரியது பிடி கிடைக்காமல் வழுக்கும்.

கீரி இதைச் செய்த விதத்தை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் சாரா ஃபுக்ஸின் குழு 1992-இல் காட்டியது. கீரியின் ஏற்பியில் அந்த ஓரத்தில் ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்கிறது. பருமனான அந்தச் சங்கிலி வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, நச்சின் விரல் உள்ளே போக முடிவதில்லை. பன்றி வேறு வழியில் போனது. 2015-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டானியெல் டிராபெக்கும் குழுவினரும், பாம்புக்கடியைத் தாங்கும் பாலூட்டிகளின் இதே ஏற்பியை ஒப்பிட்டார்கள். நாம் வளர்க்கும் பன்றியில் அதே பகுதியில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருந்தது. அது நேர்மின் சுமை கொண்டது. நச்சின் விரல் நுனியிலும் நேர்மின் சுமைதான். நேரும் நேரும் விலக்கிக்கொள்ளும் என்பது ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே நமக்குத் தெரிந்த இயற்பியல். தேன்வளைக்கரடியும் முள்ளெலியும் இதே ஆர்ஜினின் மாற்றத்துக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்திருக்கின்றன. ஆக, ஒருவரையொருவர் பார்த்துக் கற்றுக்கொள்ளாமல், நான்கு வேறு வம்சங்கள் ஒரே வாசலில் காவல் வைத்திருக்கின்றன. ஒன்று தடுப்புச் சுவர் கட்டியது, மற்ற மூன்றும் மின்சுமையால் தள்ளுகின்றன. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

ஆகவே கீரி பாம்போடு சண்டையிட்டுக் கடிபட்டால், ஓடிப்போய்க் கீரிப்பூண்டைத் தின்றுவிட்டோ அதன் மேல் புரண்டுவிட்டோ திரும்பி வரும் என்ற கதைக்கு அடிப்படை இல்லை. அதன் மருந்து பிறக்கும்போதே தசையில் இருக்கிறது. பன்றி கடியைத் தாங்குவது கொழுப்பாலும் தடித்த தோலாலும் மட்டும் என்று நினைத்ததும் முழு உண்மை இல்லை. அதோடு, கீரிக்கும் இது வரம்பற்ற காப்பு இல்லை. கூடுதல் விஷம் ஏறினால் அதுவும் சாகும். அதன் வேகமும் சிலிர்த்த மயிரும்தான் முதல் கவசம். இரத்தத்தை உறையவைக்கும் கண்ணாடி விரியனின் விஷம் வேறு வழியில் வேலை செய்வதால், இந்தப் பூட்டு மாற்றம் அங்கே உதவாது.

பூண்டுக் கதை பாட்டி சொல்லும் கதையாக மட்டும் இருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். அதை நம்பிப் பச்சிலை தேடி அலையும் நேரத்தில் உயிர் போகிறது. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2000 முதல் 2019 வரையிலான தரவுகளை ஆராய்ந்த ஆய்வு மதிப்பிட்டது. நமக்கு ஏற்பியில் சர்க்கரைச் சங்கிலியும் இல்லை, ஆர்ஜினினும் இல்லை. நமக்கு இருப்பது விஷமுறிவு மருந்துதான். அதற்கான விஷத்தை நாட்டின் மருந்து நிறுவனங்களுக்குத் தருவதில் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கடித்தவுடன் செய்ய வேண்டியது, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போவது.

பன்றியின் ஏற்பியை ஆராய்வதற்குப் பணம் எதற்கு என்று நம் ஊரில் கேட்பார்கள். நிதிக் குழுக்களும் இதையேதான் கேட்கின்றன, கொஞ்சம் மரியாதையான சொற்களில். நச்சு எந்த இடத்தைப் பிடிக்கிறது என்பதை அணு அணுவாகக் காட்டிய இத்தகைய அடிப்படை ஆய்வுகள் சேர்ந்துதான் அடுத்த வாசலைத் திறந்தன. 2025 ஜனவரியில் நேச்சர் இதழில், நோபல் பரிசு பெற்ற டேவிட் பேக்கரின் குழுவும் டென்மார்க் ஆய்வாளர்களும் ஒரு வேலையை வெளியிட்டார்கள். மூன்று விரல் நச்சின் பிடிக்கும் பகுதியிலேயே போய் ஒட்டிக்கொள்ளும் சிறு புரதங்களைக் கணினியில் வடிவமைத்திருந்தார்கள். விரல்கள் மூடப்பட்டால் ஏற்பியில் உட்கார முடியாது. கொல்லும் அளவு நச்சு பெற்ற எலிகளை இந்தப் புரதங்கள் காப்பாற்றின. குதிரையின் உடலில் எதிர்ப்பொருள் வளர்த்து எடுக்கும் இன்றைய மருந்தோடு ஒப்பிட்டால், இந்தப் புரதங்களை நுண்ணுயிர்களில் மலிவாக உற்பத்தி செய்யலாம். மனிதர்களில் சோதனை இன்னும் பாக்கி. உலகத்திலேயே அதிகப் பாம்புக்கடிச் சாவுகள் நடக்கும் நாடு நம்முடையது. அந்தச் சோதனைகளுக்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டியதும் நாம்தான்.