மணி லாண்டரிங்கைப் பணமோசடி என்று எழுதலாமா?

அமலாக்கத்துறை ஒருவரைக் கைது செய்தால், மறுநாள் தலைப்பு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: 'பணமோசடி வழக்கில் கைது' அல்லது 'சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்கில் கைது'. வழக்கோ 2002ஆம் ஆண்டின் மணி லாண்டரிங் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. அந்தச் சட்டம் தண்டிக்கிற குற்றத்தை இந்த இரண்டு பெயர்களுமே சொல்லவில்லை.

மணி லாண்டரிங் என்பது, குற்றத்தால் கிடைத்த சொத்தை அது வந்த வழி தெரியாமல் மறைத்து, நேர்வழியில் வந்ததாகக் காட்டுவது. சட்டத்தின் 3ஆம் பிரிவு மறைத்தல், வைத்திருத்தல், அடைதல், பயன்படுத்துதல், களங்கமற்றது என்று காட்டுதல் என வரிசையாகச் சொல்கிறது. இவற்றில் ஏதேனும் ஒன்றே போதும் என்று 2022 ஜூலை 27 அன்று உச்ச நீதிமன்றம் விஜய் மதன்லால் சவுத்ரி வழக்கில் தீர்ப்பளித்தது. தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல். போதைப்பொருள் குற்றத்தோடு சேர்ந்தால் 10 ஆண்டு வரை போகும்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'லாண்டர்' என்பதன் வேர் லத்தீனில் கழுவுதலைக் குறிக்கும் 'லவாரே'. அமெரிக்கக் குற்றக் கும்பல் தலைவர் அல் கபோன் சலவைக்கடைகள் நடத்தியதால்தான் இந்தப் பெயர் வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. 1931இல் அவருக்குத் தண்டனை கிடைத்தது வரி ஏய்ப்புக்காக. வாட்டர்கேட் அரசியல் ஊழல் விவகாரத்தில் அமெரிக்க அதிபர் நிக்சனின் தேர்தல் நிதி மெக்சிகோ வழியாகச் சுற்றி வந்த செய்திகளோடு 1973 வாக்கில் இந்தச் சொல் நாளிதழ்களில் பரவியது. அமெரிக்கா 1986இல் இதைத் தனிக் குற்றமாக்கியது.

இனி 'பணமோசடி'. மோசடி என்றால் ஒருவரை ஏமாற்றிப் பறிப்பது. சீட்டுக் கம்பெனி நடத்திப் பணத்தைச் சுருட்டுவது மோசடி. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 420ஆம் பிரிவு, இப்போது அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆம் பிரிவு. அங்கே ஏமாந்தவர் ஒருவர் உண்டு. மணி லாண்டரிங் அந்தக் குற்றம் முடிந்த பிறகு தொடங்குகிறது. முதலில் நடந்தது மோசடியாகவும் இருக்கலாம், லஞ்சமாகவும் போதைப்பொருள் விற்பனையாகவும் ஆள்கடத்தலாகவும் இருக்கலாம். அதை மூலக் குற்றம் என்போம். மூலக் குற்றத்தில் குற்றஞ்சாட்டப்படாத ஒருவர்கூட அதன் பணத்தை மறைக்கத் தெரிந்தே உதவினால் இந்தச் சட்டத்தில் சிக்குவார். 2023இல் பாவனா திப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் 'மோசடி வழக்கில் ஏற்கெனவே ஜாமீன் கிடைத்தவரை மோசடி வழக்கில் மறுபடி ஏன் பிடித்தார்கள்?' என்று வாசகர் குழம்புகிறார். குழப்பம் அவருடையதன்று.

இதில் வாசகருக்கு நேரடி ஆபத்தும் இருக்கிறது. மாதம் சில ஆயிரம் தருவதாகச் சொல்லி மாணவர்களிடமும் கூலித் தொழிலாளர்களிடமும் வங்கிக் கணக்கை வாடகைக்கு எடுக்கிறார்கள். பாஸ்புக், ஏடிஎம் அட்டை, சிம் மூன்றும் கைமாறுகின்றன. இணைய மோசடியில் பறித்த பணம் அந்தக் கணக்கில் விழுந்து, சில நிமிடங்களில் பத்துக் கணக்குகளுக்குப் பிரிந்துவிடுகிறது. கணக்கைக் கொடுத்தவர் 'நான் யாரையும் ஏமாற்றவில்லையே' என்கிறார். அது உண்மைதான். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தே கொடுத்திருந்தால் அவரும் குற்றவாளி. சட்டத்தின் பெயரே 'மோசடித் தடுப்பு' என்று அவர் காதில் விழுந்திருந்தால், அது தன்னைத் தொடும் என்று எப்படித் தெரியும்?

'சட்டவிரோதப் பணப் பரிமாற்றம்' இன்னும் மோசம், ஏனென்றால் அது கேட்பதற்குச் சட்டச்சொல் போலவே இருக்கிறது. சட்டவிரோதமாகப் பணத்தை அனுப்புவது ஹவாலா, நம் ஊர்ப் பேச்சில் உண்டியல். அதற்கு 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் தனியாக இருக்கிறது; உழைத்துச் சம்பாதித்த சம்பளத்தை உண்டியலில் அனுப்பினாலும் அதை மீறியதாகும். மணி லாண்டரிங்கில் பல நேரங்களில் பரிமாற்றம் ஒவ்வொன்றும் முறையாக இருப்பதுதான் சூழ்ச்சியே. லஞ்சப் பணம் கையில் இருக்கும் ஒருவர் உணவகம் நடத்துகிறார் என்று வையுங்கள். 40,000 ரூபாய்க்கு விற்ற நாளில் 90,000 என்று பில் போடுகிறார், ஜிஎஸ்டி கட்டுகிறார், வருமான வரியும் கட்டுகிறார். பணம் வங்கிக்குள் வந்துவிட்டது. இது நுழைத்தல். பிறகு பெயருக்கு இருக்கும் இரண்டு மூன்று நிறுவனங்களுக்குக் கடனாகவும் பங்கு முதலீடாகவும் வங்கிகளுக்கிடையே பெருந்தொகை அனுப்பும் ஆர்டிஜிஎஸ்ஸில் சுற்றவிடுவது அடுக்குதல். கடைசியில் பத்திரப்பதிவு செய்து, காசோலை கொடுத்து நிலம் வாங்குவது கலத்தல். எந்த இடத்திலும் அனுப்பிய முறை தவறில்லை. மாட்டக்கூடியது வேறிடத்தில்: விற்றதாகக் காட்டிய சாப்பாட்டுக்கு ஈடாக அரிசியும் எண்ணெயும் வாங்கிய கணக்கு இருக்காது.

பரிமாற்றமே இல்லாமலும் குற்றம் நடக்கும். குற்றப் பணம் என்று தெரிந்தே வீட்டில் வைத்திருப்பதும் 3ஆம் பிரிவுக்குள் வருகிறது. அப்போது 'பரிமாற்றம்' எங்கே?

'கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குதல்' பேச்சுக்கு நன்றாக இருக்கும். ஆனால் நம் நாட்டில் கறுப்புப் பணம் என்றால் கணக்கில் காட்டாத பணம். மருத்துவர் ரசீதில்லாமல் வாங்கிய கட்டணமும் அதில் அடங்கும்; அது வரி ஏய்ப்பு, அந்த வருமானம் குற்றத்தில் பிறந்ததில்லை. வருமான வரிச் சட்டம் மூலக் குற்றங்களைப் பட்டியலிடும் மணி லாண்டரிங் சட்டத்தின் அட்டவணையிலேயே கிடையாது. இலங்கைச் சட்டத்தமிழ் 'பணம் தூயதாக்கல்' என்கிறது, இந்தி 'தன் சோதன்' என்கிறது. இரண்டும் மூலத்துக்கு நெருக்கம். என் குறை ஒன்றே: தூயதாவது என்றால் உண்மையில் தூய்மை வந்துவிடுகிறது. குற்றப் பணம் எத்தனை கை மாறினாலும் குற்றப் பணம்தான். அதனால்தான் 5ஆம் பிரிவில் அதை 180 நாள் வரை தற்காலிகமாக முடக்க முடிகிறது.

தனித்தமிழ் அன்பர்கள் 'பண வெளுப்பு' என்பார்கள். வேர் அழகானது, துணி வெளுத்தல் நம் பழைய வழக்கு. ஆனால் 'சாயம் வெளுத்துவிட்டது' என்றால் தமிழில் உண்மை அம்பலமாகிவிட்டது என்று பொருள். மறைப்பதைக் குறிக்க வேண்டிய சொல் அம்பலத்தை நினைவூட்டினால் எப்படி?

ஆகவே பணச் சலவை. ஜெர்மன் 'கெல்ட்வெஷ' என்கிறது, ஸ்பானியம் 'லவாதோ' என்கிறது. கழுவும் உருவகத்தை அவர்கள் கைவிடவில்லை, நாமும் விட வேண்டியதில்லை. பணச் சலவையாளர், பணச் சலவைத் தடுப்புச் சட்டம், 'லஞ்சப் பணத்தைச் சலவை செய்தார்' என்று எங்கும் வளைந்து கொடுக்கிறது. தலைப்புக்கு நீளம் என்பவர்கள், இதுவரை எழுதிய 'சட்டவிரோதப் பணப் பரிமாற்ற'த்தை எண்ணிப் பார்க்கட்டும். மொழிபெயர்ப்பாளர்கள் முந்தைய நாள் செய்தியைப் பார்த்து எழுதாமல் 3ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிட்டு எழுதினால் போதும்.

ஓர் எல்லையையும் குறித்துக்கொள்ள வேண்டும். பயங்கரவாதத்துக்கு நிதி திரட்டுவதைச் சலவை என்று எழுதக் கூடாது. அங்கே பல நேரங்களில் சம்பளமும் நன்கொடையுமான நேர்மையான பணம் குற்றத்தை நோக்கிப் போகிறது. திசை நேர்மாறு என்பதால், 'பயங்கரவாத நிதியளிப்பு' என்று தனியாகவே சொல்ல வேண்டும்.