வலியே தெரியல பாப்பா

மலேசியாவில் நிபோங் திபால் பக்கம் ஓர் அரசாங்க கிளினிக்கின் மருந்தகத்தில் வேலை எனக்கு. அங்கு வரும் பாட்டி ஒருவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு). இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c அளவு 11 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. டாக்டர் இரண்டு தடவை இன்சுலின் அளவைக் கூட்டிப் பார்த்துவிட்டார். ‘ஒழுங்காகப் போடுவதில்லை’ என்று புத்தகத்தில் ஒரு குறிப்பும் ஏறிவிட்டது. பாட்டியோ ஒரு வேளைகூட விட்டதில்லை என்று அடித்துச் சொன்னார்.

அதே மாதம்தான் சுகாதார எழுத்தறிவை அளக்கும் 18 கேள்விகளை நோயாளிகளிடம் கேட்டுக்கொண்டிருந்தோம். உடல்நலச் செய்திகளைத் தேடிப் பிடிப்பது, புரிந்துகொள்வது, சரியா தவறா என்று எடைபோடுவது, நடைமுறையில் செய்வது ஆகிய நான்கும் அவரவருக்கு எவ்வளவு எளிது, எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டும். ஐரோப்பிய நாடுகளுக்கென 47 கேள்விகளோடு பிறந்த படிவத்தைச் சுருக்கி இங்கே 18 ஆக்கியிருக்கிறார்கள். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் இதில் பின்தங்கியிருந்தார்கள். அதே ஆய்வுதான் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்றும், இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு என்றும் சொன்னது. இந்த இரண்டாவது எண்ணை நான் தினமும் கவுண்டரில் பார்க்கிறேன்.

தமிழில் வாசித்து வாசித்துக் கேட்டேன். பாட்டி எல்லாவற்றுக்கும் ‘ரொம்ப சுலபம்’ என்றார். நல்ல மதிப்பெண்.

கேட்கிற பிள்ளையின் மனம் கோணக் கூடாது என்று சொன்னாரோ, உண்மையிலேயே அப்படி நம்பினாரோ தெரியாது. இரண்டுமாக இருக்கலாம். இந்த மாதிரிப் படிவம் ஒருவர் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைத்தான் அளக்கும்; கை என்ன செய்கிறது என்பது அதற்குத் தெரியாது.

வேறு வகைச் சோதனைகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் 1993-இல் வந்த ஒன்றில் 66 மருத்துவச் சொற்களை உரக்க வாசிக்கச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுத்து ஒரு விதம், ஒலி வேறு விதம் என்பதால், முன்பே பழகிய சொல்லைத்தான் சரியாக வாசிக்க முடியும். அங்கே அது ஓரளவு எடுபடும். நம் ஊருக்கு அது ஒத்துவராது. தமிழோ மலாயோ, எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும், பொருள் தெரியாமலே கடகடவென்று வாசித்துவிடலாம். ஸ்பானிய மொழியிலும் இதே சிக்கல் வந்துதான், வாசிப்பதோடு அந்தச் சொல்லுக்கு எது தொடர்பு என்றும் கேட்கும் சோதனையை 2006-இல் தனியாக உருவாக்கினார்கள்.

பாட்டியின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். பத்து காவான் பக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ்ப் பேப்பரை இன்றும் உரக்க வாசிப்பார். மலாயும் சரளமாகப் பேசுவார். ஆனால் மருந்துப் பையில் இருக்கும் ‘செபெலும் மாக்கான்’ (சாப்பாட்டுக்கு முன்), ‘செலெப்பாஸ் மாக்கான்’ (சாப்பாட்டுக்குப் பின்) இரண்டும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டும் ‘செ’யில் தொடங்குகின்றன, இரண்டிலும் சாப்பாடு இருக்கிறது. முன்னா பின்னா என்பது பொடி எழுத்துக்குள் போய்விடுகிறது. இனிப்புநீர் கண்ணையும் விட்டுவைப்பதில்லை. போதாததற்கு, அரசாங்கத்துக்கு மருந்து தரும் கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறிவிடும். பழைய வெள்ளையையும் புது மஞ்சளையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு தலைசுற்றி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்தில் இருந்தவரை இதற்கெல்லாம் டிரெசர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர், இருந்தார். லயத்து வாசலில் நின்று தமிழில் திட்டுவார், மறுநாள் மாத்திரை போட்டாயா என்றும் கேட்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்கு வந்த பிறகு அந்த இடத்தில் இருப்பது பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை. அவனுக்கு மலாய் வாசிக்க வரும். பாட்டியின் இன்சுலினைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? ‘கிராமத்து மக்களுக்கு விழிப்புணர்வு குறைவு’ என்று மேடைகளில் சுலபமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிக்கு மேல் உடன்பாடில்லை.

சரி, பாட்டி இன்சுலின் போட்டுக்கொள்ளும் பேனா வடிவ ஊசிக்கு வருகிறேன். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாரும் “புரிஞ்சுது” என்றுதான் சொல்வார்கள். அதனால், “பாட்டி, வீட்டுல எப்படிப் போடுறீங்களோ, அப்படியே போட்டுக் காட்டுங்க, நான் பார்க்கணும்” என்றேன். பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஊசியைத் திருகினார். பெரிய வெளிமூடியைக் கழற்றினார். அளவைச் சரியாகத் திருப்பினார். வயிற்றில் வைத்து அழுத்தி, பத்து வரை எண்ணினார். ஒரு குறையும் இல்லை, ஊசிமேல் இருந்த சின்ன உள்மூடியைத் தவிர. அது கழற்றப்படவே இல்லை. மருந்து அந்த மூடிக்குள் இறங்கி, சட்டையில் சொட்டியது.

“வலியே தெரியல பாப்பா, நல்ல ஊசி” என்றார்.

உடனே மூடியைக் கழற்றிப் போடச் சொல்லவும் முடியாது. உடம்புக்குள் போகாத மருந்தை நம்பி இரண்டு தடவை ஏற்றிய அளவு அது. அவ்வளவும் ஒரே நாளில் உள்ளே போனால் சர்க்கரை இறங்கி ஆள் மயங்கி விழுந்துவிடுவார். டாக்டரிடம் ஓடி அளவைக் குறைத்த பிறகுதான் பாட்டியை வீட்டுக்கு அனுப்பினோம்.

ஆறு மாதத்துக்கு முன் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று புத்தகத்தைப் புரட்டினேன். என் கையெழுத்து. என் மேசையிலிருக்கும் பயிற்சிப் பேனாவைப் பார்த்தேன். அதில் ஊசியை எப்போதும் மாட்டியே வைத்திருப்பேன். அந்தச் சின்ன மூடி எப்போதோ தொலைந்துபோயிருந்தது.